நறுவிசான பிள்ளை

ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த முதல் வருடம் முழுவதும் நான் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். எதைச் செய்தாலும் குறையே இருக்கக் கூடாது, சின்னத் தவறு வந்தாலும் செய்தது மொத்தமும் வீண், செய்த ஆளும் வீண் என்று நினைக்கிற மனநிலைக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இருந்தது. அகராதிகளில் பூரணத்துவம், முழுமைவாதம் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். பதினேழு வயதுப் பெண்ணிடம் அதைச் சொன்னால் கோயில் சொற்பொழிவு என்று நினைத்துக்கொள்வாள்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் உளவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். வயது முப்பத்து மூன்று. திருமணம் ஆகவில்லை. சொந்த ஊர் வள்ளியூர். அங்கே அம்மா என் தம்பியின் குடும்பத்தோடு இருந்தாள். நான் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் மாடி அறையில் தனியாக இருந்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டு அத்தை, “டாக்டருக்குப் படிக்கியாமே, ஊசி போடுவியா?” என்று கேட்பாள். இல்லை என்பேன். “பொறவு என்ன டாக்டரு?” என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல நான் முயன்றதில்லை. என் அம்மாவுக்கும் சொன்னதில்லை.

பிளஸ் டூ படிக்கிற பெண்களிடம் இந்த மனநிலை எவ்வளவு இருக்கிறது, அது அவர்கள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் மனத்தையும் என்ன செய்கிறது என்பது என் ஆய்வு. நாற்பது வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளைத் தமிழில் தயாரித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ‘எப்போதும்’ என்பதில் தொடங்கி ‘ஒருபோதும் இல்லை’ வரை ஐந்து கட்டங்கள். பொருத்தமான கட்டத்தில் டிக் போட வேண்டும். அந்த நாற்பது வாக்கியங்களை எழுதி முடிக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. மதுரையில் இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒருமுறை, “அம்மா, கேள்வித்தாள்தானே, கல்வெட்டா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

சைக்ளோஸ்டைல் எடுத்த தாள்களைப் பையில் அடுக்கிக்கொண்டு ஆற்றங்கரை ஊர்களின் பள்ளிகளுக்குப் போகத் தொடங்கினேன். முக்கூடலில் ஒரு வகுப்பு நினைவிருக்கிறது. அங்கே பாதிப் பெண்கள் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போய்ப் பீடி சுற்றுகிறவர்கள். ‘சிறிய தவறுக்காகவும் நான் வெகுநேரம் வருந்துவேன்’ என்ற வாக்கியத்துக்கு வந்தபோது ஒருத்தி எழுந்து நின்றாள்.

“டீச்சர், பீடி சரியா வரலன்னா கடையில கழிச்சிருவாங்க. அன்னைக்கு வீட்ல ஏச்சு கெடைக்கும். மறுநா மறுபடியும் சுத்துவோம். இதுல எந்தக் கட்டத்துல டிக் போடணும்?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான், யாரோடாவது சேர்ந்து சிரித்து எத்தனையோ நாளாயிற்று என்று தோன்றியது.

அந்த வருடம் கார்த்திகை மாதத்தில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு பள்ளிக்குப் போனேன். மற்றப் பெண்கள் இருபது நிமிடத்தில் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் கடைசி பெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். எண்ணெய் தேய்த்து, ஒரு மயிர் பிரியாமல் பின்னிய இரட்டைச் சடை. டிக் போடுவாள், ரப்பரால் அழிப்பாள், பக்கத்துக் கட்டத்தில் போடுவாள், அதையும் அழிப்பாள். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்து, “வேற தாள் இருக்கா டீச்சர்? இது கிழிஞ்சிட்டு” என்றாள். அழித்து அழித்து, ஏழாவது கேள்விக்கு எதிரே தாளில் ஓட்டை விழுந்திருந்தது. இரண்டாவது தாளை அவள் கொடுத்துவிட்டுப் போன பிறகு திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், அச்சடித்தது போன்ற எழுத்தில், ‘இதில் தவறான விடை ஏதும் இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவிக்கவும்’ என்று எழுதியிருந்தாள்.

தலைமையாசிரியை என் தோளுக்கு மேலிருந்து பார்த்துவிட்டு, “எங்க ஸ்கூல்லயே நறுவிசான பிள்ளை இவதான்” என்றார்.

நறுவிசு. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சொல். நறுவிசாகக் கோலம் போடுகிறாள், நறுவிசாக இலை போட்டுப் பரிமாறுகிறாள் என்பார்கள். நான் தேடிக்கொண்டிருந்த நோய்க்கு எங்கள் ஊரில் பெயர் இருந்தது. ஆனால் அது ஒரு பாராட்டு. அன்று ரயிலில் திரும்பும்போது எனக்குள் இருந்தது சந்தோஷம்தான். இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. ஒரு பெண் தாளில் ஓட்டை விழும்வரை அழித்திருக்கிறாள். ஆய்வுக்கு ஒரு நல்ல நேர்வு, ஒரு ‘கேஸ்’, கிடைத்துவிட்டது என்று என் மனம் குதித்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பாசஞ்சரில் ஏறிக் கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அவள் வீட்டுக்குப் போனேன். வாய்க்காலை ஒட்டிய தெருவில் சிறிய வீடு. அப்பா அம்பாசமுத்திரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். அவள் ஒரே பிள்ளை. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்று பேசுவாள்.

“என் பிள்ளைன்னு நான் சொல்லக் கூடாது டீச்சர். ஒரு புள்ளி பிசகாது. ஒரு எழுத்து மேல கீழ போச்சுன்னா பக்கத்தையே கிழிச்சிட்டு முதல்ல இருந்து எழுதுதா. அவங்க அப்பா ஒரு நாள் ஒரு வார்த்த சொன்னது கெடையாது. எல்லாம் அவளாத்தான்.”

அம்மா உள்ளே போனதும் அந்தப் பெண் மெதுவாகப் பேசுவாள். காலையில் சடையை மூன்று தடவை அவிழ்த்துப் பின்னுவது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது. “வகுப்புல கேள்வி கேட்டா எனக்குப் பதில் தெரியும் டீச்சர். வாக்கியம் மனசுல முழுசாச் சரியா வந்த பொறவு சொல்லலாம்னு இருப்பேன். அதுக்குள்ள வேற ஆளு சொல்லிருவா.” இதையெல்லாம் நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். நாலு மாதத்தில் இரண்டு நோட்டுகள் நிறைந்தன. அவள் மெலிந்துகொண்டே வந்தாள். அதையும் எழுதிக்கொண்டேன். ‘பசியின்மை’ என்று ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன். வாராவாரம் அதில் ஏதாவது எழுத இருந்தது. டாக்டரிடம் காட்டுங்கள் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. ஆராய்ச்சி செய்கிறவள் நடுவில் புகுந்து எதையும் மாற்றக் கூடாது, மாற்றினால் தேர்வுக்குப் பிறகு நான் எடுக்கப்போகும் அளவீடு கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச்சில் தேர்வு நடந்தது. முடிவு வந்து ஒரு வாரம் கழித்து, மார்க்கைக் குறித்துக்கொண்டு வரலாம் என்று போனேன். அம்மா வாசலில் நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

“இயற்பியல்ல போயிட்டு” என்றாள்.

ஃபெயில் என்று சொல்கிறாள் என்பது எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். தேர்வில் மூன்று பக்கம் எழுதிய பிறகு ஒரு கணக்கில் நடுவில் பிசகியிருக்கிறது. அதுவரை எழுதியது முழுவதையும் குறுக்கே அடித்துவிட்டு, முதல் கேள்வியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறாள். அதிலும் ஒரு பிழை வர, மறுபடி அடித்திருக்கிறாள். தேர்வு முடிந்து மணி அடித்தபோது கோடு விழாமல் மிஞ்சியது ஒரு பக்கம். முடிவு வந்த நாளிலிருந்து அறையை விட்டு வரவில்லை.

“நீங்க வந்து கேக்க ஆரம்பிச்ச பொறவுதான் அவ இப்படி ஆனா. அதுவரைக்கும் அவ பாட்டுக்கு எழுதிட்டு இருந்தா. தப்பு வந்தா என்ன நெனப்பே, தப்பு வந்தா என்ன நெனப்பேன்னு வாராவாரம் வந்து கேட்டீங்கல்லா? அது அவ மனசுலயே நின்னுட்டு.”

உள்ளேயிருந்து அப்பா வந்தார். “சும்மா இரி. அவங்க என்ன செய்வாங்க” என்று அவளிடம் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “நீங்க போங்கம்மா. இனிமே எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நடைமேடையில் வேறு ஆள் இல்லை. வெயில் தகரக் கூரையில் விழுந்து, கூரை அவ்வப்போது முறிவது போல் சத்தம் கொடுத்தது. மடியில் பை, பைக்குள் இரண்டு நோட்டுகள். அந்த அம்மா சொன்னது உண்மையாக இருக்குமா என்று யோசித்தேன். என் படிப்பில் அதற்குப் பதில் இருக்க வேண்டும். இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் இதைச் சொல்லி அழ ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றியது. யாரிடம் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ரயில் வந்துவிட்டது.

வழிகாட்டிக்கு எழுதினேன். ‘வருத்தம்தான். ஆனால் உங்கள் ஆய்வுக்கு இதைவிட நல்ல நேர்வு கிடைக்காது. தனி அத்தியாயமாக எழுதுங்கள்’ என்று பதில் வந்தது. எழுதினேன். மூன்றே வாரத்தில் நாற்பது பக்கம். என் வாழ்க்கையில் அடித்தல் திருத்தல் இல்லாமல் நான் எழுதியது அதுதான். நான் யார் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். முன்பு ஒருமுறை ஒருவர் என்னைத் திருமணம் செய்துகொள்ள விரும்பிக் கடிதம் எழுதியிருந்தார். எனக்கும் சம்மதம்தான். பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் சரியாக அமையவில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக நாலு மாதம் போயிற்று. அதற்குள் அவருக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது. ஒரு கடிதம் எழுத முடியாதவளுக்கு இந்த நாற்பது பக்கம் மட்டும் ஓடி வந்தது. படித்துப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை நோட்டு இல்லாமல் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். விரட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மா கதவைத் திறந்து வழி விட்டாள்.

“ரெண்டு நாளா வெறும் தண்ணிதான். யாரு வந்தாலும் பேச மாட்டேங்கா” என்றாள். “நீங்க வேணா கேட்டுப் பாருங்க.”

பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சடை பின்னாமல் சிக்குப் பிடித்துக் கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, “அடுத்த சனிக்கெழம வாரேன்” என்று சொல்லி எழுந்தேன்.

அடுத்த வாரம் அவள் அப்பாவிடம் பேசினேன். திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றேன்.

“பைத்தியத்துக்குப் பாக்குத டாக்டர்ட்டயா?”

“தூக்கமும் பசியும் இல்லாம இருக்கா. அதுக்குப் பாக்குத டாக்டர்.”

“ஊருல தெரிஞ்சா நாளைக்கு இவளுக்கு ஒரு எடம் அமையுமா? நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதா?”

“காலேஜ் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டு, “திங்கக்கெழம லீவு போடுதேன்” என்றார். திங்கட்கிழமை ரயிலில் நானும் பெண்ணும் ஒரு பக்கம். அவர் அதே பெட்டியில் மறுகோடியில், எங்களைத் தெரியாதவர் போல ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து வந்தார். மருத்துவரின் அறை வாசலில் மட்டும் வந்து சேர்ந்துகொண்டார். உள்ளே போனதும் மகளின் பெயரைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மாத்திரைகள் கேட்டன. மூன்றாவது வாரம் இட்லி சாப்பிட்டாள். ஐந்தாவது சனிக்கிழமை, நான் போனபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“நோட்டு கொண்டு வரலியா டீச்சர்?”

“இல்ல.”

“அந்த நாப்பது கேள்விக்கும் நீங்க டிக் போட்டிருக்கீங்களா?”

“இல்ல. தயார் பண்ணுன ஆளே எழுதக் கூடாது. சரியா வராது.”

“பயமா?” என்றாள்.

தன் புத்தக அடுக்கிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஓட்டை விழுந்த அந்த முதல் தாள். அதை நான் வாங்க மறந்திருந்தேன். அவள் ஒவ்வொரு வாக்கியமாக வாசித்தாள். நான் பதில் சொன்னேன். எப்போதும். எப்போதும். பல நேரங்களில். எப்போதும். பொய் சொல்லிவிடலாமா என்று இரண்டு இடத்தில் தோன்றியது. அவள் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்ததைப் பார்த்து, சொல்லவில்லை. கடைசியில் ‘எப்போதும்’ என்றால் ஐந்து, ‘ஒருபோதும் இல்லை’ என்றால் ஒன்று என்று மார்க் போட்டு, தன்னுடையதையும் என்னுடையதையும் கூட்டிப் பார்த்தாள். மறுபடியும் சரிபார்த்தாள்.

“என்னைய விட ஆறு கூட” என்றாள்.

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டாள். அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு ஓடி வந்து நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. அந்தக் கேள்வித்தாளை எழுதிய பதினான்கு மாதத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அக்டோபரில் இயற்பியலை மட்டும் மறுபடி எழுத வேண்டியிருந்தது. மீதி இருந்த சனிக்கிழமைகளில் நாங்கள் செய்தது ஒரே பயிற்சிதான். அவள் விடை எழுதுவாள். எங்காவது பிழை வந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. முதல் நாள் ஒரு வரியை அடித்ததும் பேனாவை மூடி வைத்தாள். எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்றாள். கால்மணி நேரம் ஆயிற்று. “பைய வா” என்று நான் இங்கிருந்தே சொன்னேன். வந்து உட்கார்ந்து அடுத்த வரியை எழுதினாள். நாலைந்து வாரம் போனபின், அடித்துவிட்டு நிமிராமலேயே எழுதப் பழகினாள்.

முடிவு வந்த அன்று, நான் குடியிருந்த வீட்டுக்காரர்களின் தொலைபேசிக்கு அழைத்தாள். நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன்.

“பாஸ் டீச்சர்.”

“எவ்வளவு?” என்று கேட்டேன்.

கம்பி இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, “நீங்களுமா டீச்சர்?” என்றாள். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றாள். ஆனால் மார்க்கை அவள் சொல்லவில்லை, நானும் அதன் பிறகு கேட்கவில்லை. அவ்வளவு கற்றுக்கொடுத்த என் வாயிலிருந்து முதலில் வந்தது ‘எவ்வளவு’ என்ற அந்த ஒரு சொல்தான்.

கோயம்புத்தூரில் அவள் சித்தி இருந்தாள். அடுத்த ஆண்டு அங்கேயே தங்கிக் கல்லூரியில் சேர்வதாக முடிவாயிற்று. கிளம்புவதற்கு முன் ஒரு நாள், நான் எழுதிய அந்த நாற்பது பக்கங்களை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “உன்னைப் பத்தித்தான். பேரு, ஊரு எதுவும் கெடையாது. நீ சரின்னு சொன்னாத்தான் சேர்ப்பேன்” என்றேன். மதியம் முழுவதும் பின்கட்டில் உட்கார்ந்து படித்தாள். நான் முன்னறையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன்.

பெண் வந்தாள். “எல்லாம் உள்ளதுதான் டீச்சர். ஒண்ணும் தப்பில்ல. ஆனா நான் இவ்வளவுதானா?”

தாள்களை விளிம்பு தட்டி அடுக்கினாள்.

“இதப் போட வேண்டாம்” என்றாள்.

தாள்களை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். வழிகாட்டி ஒரு மாதம் என் கடிதங்களுக்குப் பதில் எழுதவில்லை. நேரில் போனபோது, “நாலு வருட உழைப்பில் உயிருள்ள பகுதி அது ஒன்றுதான். அதை வெட்டிவிட்டு என்னத்தைக் கொண்டு வருகிறீர்கள்?” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. மிஞ்சியது அட்டவணைகள்தான். அவற்றில் எனக்கே பிடிக்காத இடங்கள் இருந்தன. பல வருடம் வைத்துத் திருத்தியிருப்பேன். திருத்தாமல் சமர்ப்பித்தேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இத்தனை மாணவிகளைச் சந்தித்திருக்கிறீர்கள். ஒரு தனி நேர்வுகூடவா குறிப்பிடும்படி இல்லை?” என்று கேட்டார். என் வழிகாட்டி குனிந்துகொண்டார். “இல்லை ஐயா” என்றேன். பட்டம் கிடைத்தது. மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து மத்தியானம் வீடு சேர்ந்தேன். வீட்டுக்கார அம்மா, “இன்னைக்கு லீவா?” என்று கேட்டார்கள். “ஆமா” என்று சொல்லி மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். சனிக்கிழமைகள் வந்தன. ரயிலுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் விழிப்பு வரும். அன்று முழுவதும் என்ன செய்வதென்று தெரியாமல் துணிகளை மடித்து மடித்து வைப்பேன். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டுக்கும் உடனே பதில் எழுதினேன், பிழைகளோடு. மூன்றாவது வரவில்லை.

அதற்கு மூன்று வருடம் கழித்து, அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளியில் மாணவிகளிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ் நிலையத்தில் இறங்கியபோது அவள் அம்மா காய்கறிப் பையோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நல்லாருக்கீங்களா டீச்சர்?”

“நல்லாருக்கேன்க்கா. பிள்ள?”

“படிப்ப முடிச்சிட்டு அங்கனயே ஒரு கம்பெனில வேல பாக்குதா. நேரத்துக்குச் சாப்பிடுதா, தூங்குதா. சித்தி வீட்ல பிள்ளைகளோட சண்டை போடுதாளாம்.” கொஞ்சம் நிறுத்தி, தாழ்ந்த குரலில், “உங்களப் பத்தி அவ பேசுறதே இல்ல” என்றாள்.

குத்திக் காட்டச் சொன்னாளா, நான் அறிய வேண்டும் என்று சொன்னாளா, முகத்திலிருந்து தெரியவில்லை. அது நல்ல செய்தி என்று எனக்குத் தெரியும். கெட்ட காலத்தில் கூட இருந்தவர்களை நினைக்காமல் இருக்க முடிவதுதான் குணமாவது. என் மாணவிகளுக்கு நானே அப்படிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

“அவ கூப்பிட்டான்னா நான் கேட்டதாச் சொல்லுங்க” என்றேன். சொல்லிவிட்டு, “இல்ல, வேண்டாம்க்கா. சொல்ல வேண்டாம்” என்றேன்.

அவள் தலையசைத்தாள். கல்லிடைக்குறிச்சி பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வாங்க என்று சொல்லவில்லை. பஸ் நகரும்போது ஒருமுறை கையைத் தூக்கினாள். நான் பள்ளிக்கு வழி கேட்டுக்கொண்டு நடந்தேன்.